கார்பென்டர் வழக்கின் கோடை: தொழில்நுட்பமும் குடிமை உரிமையும் சந்திக்கும் சட்டப் பயிற்சி பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2017 ஜூன் 5ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கைபேசி இருப்பிடப் பதிவுகளை வாரண்ட் இல்லாமல் அரசு எடுக்கலாமா என்ற கேள்வியை எழுப்பிய 'கார்பென்டர் எதிர் அமெரிக்க ஐக்கிய நாடுகள்' என்ற வழக்கை விசாரணைக்கு ஏற்றுக்கொண்டது. அந்நாட்டுச் சட்டக் கல்லூரிகளில் முதலாண்டையோ இரண்டாமாண்டையோ முடித்த மாணவர்கள் கோடைப் பயிற்சிக்காகக் குடிமை உரிமை அமைப்புகளின் அலுவலகங்களில் வந்து சேரும் நேரம் அது. ஆகஸ்ட் நடுவில், அதே மாணவர்கள் வேலையை ஒப்படைத்துவிட்டுக் கல்லூரிக்குத் திரும்பும் வேளையில், மனுதாரர் கார்பென்டருக்கு ஆதரவான அமிக்கஸ் மனுக்கள் (வழக்கின் தரப்பினர் அல்லாதோர் நீதிமன்றத்துக்குத் தரும் எழுத்துமூல வாதங்கள்) தாக்கலாயின. ஒரு பெரிய வழக்கில் ஒரு தரப்பின் எழுத்து வேலை, தொடக்கம் முதல் தாக்கல் வரை, பயிற்சிக் காலத்துக்குள் இப்படி அடங்குவது அரிது. பெரும்பாலான பயிற்சி மாணவர்கள் ஒரு வழக்கின் நடுவில் வந்து, முடிவைப் பார்க்காமலேயே போய்விடுவார்கள். ஆகவே, கோடைப் பயிற்சி எதைக் கற்றுத்தர வேண்டும், இப்போதைய அமைப்பு முறையில் அது எங்கே தடுமாறுகிறது என்பதை ஆராய இந்த வழக்கையே எடுத்துக்கொள்கிறேன்.

ஆய்வின் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சி மாணவர் வழக்கின் மைய வாதத்தை எழுதுவதில்லை, எழுதவும் கூடாது. ஒரு தொழில்நுட்ப உண்மையை, அல்லது ஒரு முன்தீர்ப்பின் இன்றைய நிலையை, வேர் வரை போய்ச் சரிபார்த்துத் தருவதே அவரிடம் எதிர்பார்க்கப்படும் வேலை. தொழில்நுட்பம் சார்ந்த வழக்குகளில் தீர்ப்பு சாய்வது பல நேரங்களில் அந்தச் சரிபார்ப்பின் மீதுதான். அதைச் சில்லறை வேலையாக எண்ணி, பத்து வாரத்தில் எட்டுத் தலைப்புகளாகச் சிதறடித்துக் கொடுக்கும் வழக்கம் மாணவருக்கும் கேடு, வழக்குக்கும் கேடு.

வழக்கின் விவரம்

2011இல் காவல் துறையினர் நான்கு பேரைக் கைது செய்தனர். மிச்சிகன், ஒகையோ மாநிலங்களில் நான்கு மாதங்களில் ஒன்பது கடைகளைத் தங்கள் கூட்டம் கொள்ளையடித்ததாக அவர்களில் ஒருவர் ஒப்புக்கொண்டு, கூட்டாளிகள் 15 பேரை அடையாளம் காட்டி, சிலருடைய கைபேசி எண்களையும் கொடுத்தார். தேடப்பட்டவர்களில் ஒருவர் டிமோதி கார்பென்டர். அவருடைய கைபேசி எந்தெந்தக் கோபுரங்களோடு தொடர்பு கொண்டது என்ற பதிவுகளைப் பெற, அரசுத் தரப்பு 'சேமிக்கப்பட்ட தகவல்தொடர்புகள் சட்டம்' என்ற 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இரண்டு ஆணைகளை வாங்கியது. இந்த ஆணைக்கு வாரண்டுக்குத் தேவையான அளவு காரணம் காட்ட வேண்டியதில்லை. கேட்கும் பதிவு நடந்துகொண்டிருக்கும் புலனாய்வுக்குப் பொருத்தமானது, முக்கியமானது என்று நம்ப நியாயமான அடிப்படை இருப்பதைக் குறிப்பிட்ட உண்மைகளால் காட்டினால் போதும். ஒரு கைபேசிச் சேவை நிறுவனத்திடம் 152 நாள் பதிவு கேட்கப்பட்டது, 127 நாள் பதிவு கிடைத்தது; இன்னொன்றிடம் 7 நாள் கேட்கப்பட்டு 2 நாள் கிடைத்தது. மொத்தம் 12,898 இருப்பிடப் புள்ளிகள், நாளொன்றுக்குச் சராசரியாக 101. நான்கு கொள்ளைகள் நடந்த இடங்களுக்கு அருகே கார்பென்டரின் கைபேசி இருந்ததாக எஃப்.பி.ஐ. அதிகாரி வரைபடத்தோடு சாட்சியம் அளித்தார். நூறாண்டுக்கும் மேற்பட்ட சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

சட்டக் கேள்வி இதுதான்: இப்படிப்பட்ட கடந்தகாலப் பதிவை வாரண்ட் இல்லாமல் அரசு எடுப்பது, நியாயமற்ற சோதனைகளைத் தடுக்கும் அரசமைப்பின் நான்காவது திருத்தத்தின் கீழ் 'சோதனை' ஆகுமா? அரசுத் தரப்பின் கையில் மூன்றாம் தரப்புக் கோட்பாடு இருந்தது. வங்கிப் பதிவுகளைப் பற்றிய 1976ஆம் ஆண்டு மில்லர் தீர்ப்பும், டயல் செய்த எண்களைப் பற்றிய 1979ஆம் ஆண்டு ஸ்மித் தீர்ப்பும், ஒருவர் தானாக முன்வந்து இன்னொருவரிடம் ஒப்படைத்த தகவலில் அந்தரங்கத்தை எதிர்பார்க்க முடியாது என்று சொல்லியிருந்தன. எதிர்ப்பக்கம், ஒரு வாகனத்தை ஜி.பி.எஸ். கருவி மூலம் 28 நாள் தொடர்ந்ததைச் சோதனை என்று கொண்ட 2012ஆம் ஆண்டு ஜோன்ஸ் தீர்ப்பும், கைதானவரின் கைபேசியைத் திறந்து பார்க்க வாரண்ட் வேண்டும் என்ற 2014ஆம் ஆண்டு ரைலி தீர்ப்பும் நின்றன. இந்த இரண்டு வரிசைகளில் கோபுரப் பதிவு எதில் சேரும் என்பது, அந்தப் பதிவு உண்மையில் எதைக் காட்டுகிறது என்பதைப் பொறுத்தது. சட்டம் படித்தவர் அலைக்கற்றைப் பொறியியலுக்குள் காலடி வைத்தே ஆக வேண்டிய இடம் இது.

பயிற்சியின் அமைப்பு

இத்துறையின் முக்கிய அமைப்புகள் சிலவே. 1920இல் நியூயார்க்கில் தொடங்கிய அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஒன்றியம், 1990இல் தோன்றி சான் பிரான்சிஸ்கோவில் இயங்கும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன், வாஷிங்டனில் 1994இல் தொடங்கப்பட்ட எலக்ட்ரானிக் பிரைவசி இன்ஃபர்மேஷன் சென்டரும் சென்டர் ஃபார் டெமாக்ரசி அண்டு டெக்னாலஜியும் அவற்றில் அடங்கும். கார்பென்டருக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய நேதன் ஃபிரீட் வெஸ்லர் முதலில் சொன்ன ஒன்றியத்தின் வழக்கறிஞர். ஏனையவை வழக்கின் தரப்பினராக இல்லாமல், அமிக்கஸ் என்ற நிலையில், நீதிமன்றத்துக்கு விவரம் எடுத்துரைக்கும் எழுத்துமூல வாதங்களைத் தாக்கல் செய்பவை.

அமிக்கஸ் மனுவின் கட்டுப்பாடுகள் மிகவும் இறுக்கமானவை. அந்தக் காலத்தில் விசாரணைக் கட்ட அமிக்கஸ் மனுவின் உச்ச வரம்பு 9,000 சொற்கள். மனுதாரரை ஆதரித்தால் அட்டை இளம்பச்சை, எதிர்த்தரப்பை ஆதரித்தால் கரும்பச்சை. ஆதரிக்கும் தரப்பின் மனு தாக்கலான 7 நாளுக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். மனுவின் எந்தப் பகுதியையாவது தரப்பினரின் வழக்கறிஞர் எழுதினாரா, தயாரிப்புக்கு வெளியார் எவராவது பணம் கொடுத்தாரா என்பதை 37ஆம் விதியின்படி முதல் அடிக்குறிப்பிலேயே வெளிப்படுத்த வேண்டும். மாணவர் சேர்ந்த முதல் வாரத்திலேயே இந்த விதிகளை உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 7 நாள் என்ற எல்லை இருப்பதால், தரப்பினரின் மனுவைப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்க முடியாது. ஜூன், ஜூலை மாதங்களிலேயே ஆராய்ச்சி முடிந்திருக்க வேண்டும். கோடைப் பயிற்சி மாணவரின் உழைப்பு விழும் இடம் அந்த இடைவெளிதான்.

முதல் வேலை: தீர்ப்புகளின் உயிர்

இத்தகைய வழக்கில் மாணவருக்கு முதலில் தரப்படும் கேள்வி எளிதாகத் தோன்றும்: இதற்கு முன் எந்தெந்த நீதிமன்றங்கள் இருப்பிடத் தகவலுக்கு வாரண்ட் கேட்டிருக்கின்றன? தேடுபொறியில் இரண்டு மணி நேரம் செலவிட்டால் ஒரு பட்டியல் கிடைத்துவிடும். அந்தப் பட்டியல் ஏறக்குறைய உறுதியாகத் தவறாக இருக்கும்.

பதினோராவது சர்க்யூட் (மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றங்களின் வட்டாரங்களில் ஒன்று) மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மூவர் அமர்வு 2014இல் டேவிஸ் வழக்கில் வாரண்ட் தேவை என்று தீர்ப்பளித்தது. 2015இல் முழு அமர்வு அதைப் புரட்டிப் போட்டது. நான்காவது சர்க்யூட்டிலும் அதே கதை: கிரஹாம் வழக்கில் 2015இல் அமர்வு அந்தரங்கத்தின் பக்கம் நின்றது, 2016இல் முழு அமர்வு மாற்றியது. ஐந்தாவது சர்க்யூட் 2013இலேயே அரசின் பக்கம். மூன்றாவது சர்க்யூட் 2010இல் நடுவழியொன்றை எடுத்து, வாரண்ட் கேட்கும் விருப்புரிமையைக் கீழ்நிலை நீதிபதியிடம் விட்டது. டேவிஸ், கிரஹாம் வழக்குகளின் அமர்வுத் தீர்ப்புகளில் அழகான வரிகள் இருக்கின்றன. மேற்கோள் காட்ட மனம் துடிக்கும். ஆனால் அவை சட்ட வலுவை இழந்தவை. இழந்த தீர்ப்பை உயிருள்ள தீர்ப்பாக எழுதிக் கொடுக்கும் ஒரு வரி, அந்த மனுவின் மற்ற எல்லா வரிகளின் மீதும் ஐயத்தைக் கிளப்பிவிடும்.

மாநில நீதிமன்றங்களின் கதை இன்னும் நுட்பமானது. நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றத்தின் ஏர்ல்ஸ் தீர்ப்பு (2013), மாசசூசெட்ஸின் அகஸ்டின் தீர்ப்பு (2014), ஃபுளோரிடாவின் டிரேசி தீர்ப்பு (2014) மூன்றுமே வாரண்டைக் கோரின. மூன்றையும் ஒரே வாக்கியத்தில் அடுக்கி 'மாநிலங்கள் நம் பக்கம்' என்று எழுதத் தோன்றும். ஆனால் நியூ ஜெர்சியும் மாசசூசெட்ஸும் தத்தம் மாநில அரசமைப்பை அடிப்படையாகக் கொண்டன, நான்காவது திருத்தத்தை அல்ல. ஃபுளோரிடா நான்காவது திருத்தத்தையே பேசியது. ஆனால் அங்கே கேள்வி கடந்தகாலப் பதிவைப் பற்றியதல்ல, அந்தந்த நேரத்தில் ஒருவரைப் பின்தொடர்வதைப் பற்றியது. கார்பென்டரின் கேள்வியோ கடந்தகாலப் பதிவும் நான்காவது திருத்தமும் சேர்ந்தது. ஆக, மூன்றில் ஒன்றுகூட அதனோடு முழுமையாகப் பொருந்தவில்லை. பொருந்தாததை மறைக்காமல் சொல்லி, ஆனாலும் ஒரு திசை தெரிகிறது என்று காட்டுவதே நேர்மையான வாதம். 2013இல் மொன்டானாவும் மெய்னும், 2015இல் கலிஃபோர்னியாவும் சட்டமன்றத்தின் வழியே வாரண்டைக் கட்டாயமாக்கியதையும் அந்தத் திசைக்குச் சான்றாகக் காட்டலாம். அரசமைப்புக்கு விளக்கமாகக் காட்ட முடியாது. இந்த வேறுபாட்டைத் தானாகக் கண்டுபிடித்து மேற்பார்வை வழக்கறிஞரிடம் சொல்லும் மாணவர் அந்தக் கோடையின் பயனை அப்போதே பெற்றுவிட்டார் என்பேன்.

இரண்டாம் வேலை: ஐம்பது மீட்டர்

தொழில்நுட்ப உண்மைக்கு வருவோம். இந்த வழக்கின் உயிர்நாடி இங்கே இருப்பதால் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

கோபுரப் பதிவு ஜி.பி.எஸ். அல்ல. ஒரு கோபுரம் தன்னைச் சுற்றியுள்ள பரப்பைப் பொதுவாக மூன்று கூறுகளாகப் பிரித்துக்கொள்ளும். கைபேசி எந்தக் கூறில் இணைந்தது என்பது மட்டுமே பதிவாகும். கார்பென்டர் பதிவுகளில் அந்தக் கூறு, சதுர மைலில் எட்டில் ஒரு பங்கு முதல் நான்கு சதுர மைல் வரை விரிந்த, ஆப்பு வடிவ நிலப்பரப்பு. அரசுத் தரப்புக்கு இது இருபுறமும் கூர்மையான கத்தி. பதிவு துல்லியமற்றது, எனவே அந்தரங்கத்தை அவ்வளவாகத் தொடவில்லை என்று சொல்ல வேண்டும். அதே பதிவைக் கொண்டுதான் கார்பென்டர் கொள்ளை நடந்த இடத்துக்கு அருகே இருந்தார் என்றும் நிறுவ வேண்டும். பிற்பாடு தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் இந்த முரண்பாட்டைத் தீர்ப்பிலேயே சுட்டிக்காட்டினார்.

ஆனால் அந்தரங்கத்தின் பக்கம் நிற்பவருக்கும் இங்கே ஒரு பள்ளம் உண்டு. 2017இல் வலைப்பின்னல்களுக்கு இருந்த துல்லியத்தை 2011ஆம் ஆண்டுப் பதிவின் மீது ஏற்றிச் சொல்லும் ஆசை அது. உதாரணமாக 50 மீட்டர் என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அவசர அழைப்பு எண்ணான 911இல் அழைப்பவரின் இருப்பிடத்தைக் கண்டறிவதற்காக, மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் 2015இல் ஓர் இலக்கு வைத்தது: கிடைமட்டத் தூரத்தில் 50 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லும் திறன், 2 ஆண்டில் 40 சதவீத அழைப்புகளுக்கும் 6 ஆண்டில் 80 சதவீத அழைப்புகளுக்கும் வர வேண்டும். இது அவசர அழைப்புக்கான தரம். நிறுவனம் தன் கணக்குக்காகச் சேமித்து வைக்கும் அன்றாடக் கோபுரப் பதிவின் தரம் வேறு. கோபுரக் கூறுக்குள்ளே கைபேசியின் இடத்தை மதிப்பிடும் முக்கோண அளவை முறைகளின் தரம் இன்னொன்று. எண் ஒன்றேயானாலும் அது எதன் அளவு, எந்த ஆண்டின் அளவு, யார் அளந்தது என்ற மூன்றும் தெரியாமல் அதை மனுவில் வைக்கக் கூடாது. ஒரு மாணவர் இரண்டு வாரம் முழுவதையும் இந்த ஓர் எண்ணின் பின்னால் போய்ப் பொறியாளர்களிடம் கேட்டு, ஒழுங்குமுறை ஆவணங்களைப் படித்து, 'இதை இன்று இயலும் திறனாக மட்டுமே சொல்லலாம், இவ்வழக்கின் பதிவாகச் சொல்ல முடியாது' என்று ஒன்றரைப் பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தால், அதைவிடப் பயனுள்ள கோடை வேலை இருக்க முடியாது.

அமிக்கஸ் மனுவில் வரும் தொழில்நுட்ப உண்மைகள் விசாரணை நீதிமன்றத்தில் சாட்சியாக வந்தவை அல்ல. அவற்றை யாரும் குறுக்கு விசாரணை செய்திருக்க மாட்டார்கள். எழுதுபவரின் நேர்மையைத் தவிர அவற்றுக்கு வேறு காவல் இல்லை என்பதால் இந்தக் கண்டிப்பு அவசியமாகிறது.

அது வீண்போகவில்லை என்பதற்குத் தீர்ப்பிலேயே சான்று இருக்கிறது. கம்பியில்லா நிறுவனங்களுக்குக் கைபேசியை 50 மீட்டருக்குள் குறிக்கும் திறன் ஏற்கெனவே உண்டு என்ற வரிக்கு ஆதாரமாக, எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷனும் பிற அமைப்புகளும் தாக்கல் செய்த அமிக்கஸ் மனுவின் 12ஆம் பக்கத்தை நீதிமன்றம் காட்டியது. அந்த வரி எங்கே நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 2011ஆம் ஆண்டின் பதிவு அவ்வளவு துல்லியம் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. வெப்பத்தைப் படம்பிடிக்கும் கருவியைப் பற்றிய 2001ஆம் ஆண்டு கைலோ தீர்ப்பைப் பின்பற்றி, வகுக்கும் விதி பயன்பாட்டில் இருக்கும், உருவாகிவரும் கருவிகளையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்ற இடத்தில் அந்த எண்ணை வைத்தது. இன்றைய திறனும் அன்றைய பதிவும் ஒன்றாகக் குழப்பப்பட்டிருந்தால், மறுப்புத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ஆந்தனி கென்னடி அதைப் பிடித்துக்கொண்டிருப்பார். அவருடைய மறுப்பின் ஒரு முக்கியப் பகுதியே கோபுரப் பதிவின் துல்லியக் குறைவைப் பற்றியதுதான்.

விசுவாசமும் பணமும்

பயிற்சியின் தொழில் ஒழுக்கப் பக்கத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். மாணவர் வழக்கறிஞர் அல்லர். அவர் செய்யும் பிழைக்கு மேற்பார்வை வழக்கறிஞரே பொறுப்பு. ஒரு கோடையில் குடிமை உரிமை அமைப்பிலும், அடுத்த கோடையில் எதிர்த்தரப்பு நிறுவனத்துக்காக வாதாடும் அலுவலகத்திலும் வேலை செய்வது இயல்பாக நடப்பது. மாணவராக இருந்தபோது செய்த வேலை புதிய அலுவலகம் முழுவதையும் தகுதி நீக்கம் செய்யாது, ஆனால் அந்த நபரை அந்த வழக்கிலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்பது அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி விதி 1.10க்கான விளக்கவுரை. எனவே மாணவர் தாம் தொட்ட வழக்குகளின் பெயர்களை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நிதி பற்றிய கேள்வி இதைவிடச் சிக்கலானது. கூகுள் நிறுவனம் 2008 முதல் தொழில்நுட்பக் கொள்கை உதவித்தொகை ஒன்றை நடத்தி, மாணவர்களைப் பொதுநல அமைப்புகளில் கோடை வேலைக்கு அனுப்பியிருக்கிறது. கார்பென்டர் வழக்கில் கூகுள் உள்ளிட்ட பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் சேர்ந்து, எந்தத் தரப்பையும் ஆதரிக்காத அமிக்கஸ் மனு ஒன்றைத் தாக்கல் செய்தன. அங்கே அவற்றின் நிலைப்பாடு பெரும்பாலும் அந்தரங்க அமைப்புகளின் பக்கமே சாய்ந்தது. ஆனால் தரவைச் சேர்ப்பது அரசா நிறுவனமா என்பதைப் பொறுத்து இந்தக் கூட்டணி மாறும். நிறுவனப் பணத்தில் வரும் மாணவரை நிறுவனங்களுக்கு எதிரான வழக்கில் அமர்த்தக் கூடாது என்பதை அமைப்புகள் எழுத்தில் வைத்திருக்க வேண்டும்.

இனி, ஊதியம். அந்த ஆண்டு பெரிய சட்ட நிறுவனங்களில் முதலாண்டு வழக்கறிஞரின் ஆண்டுச் சம்பளம் 1,80,000 டாலர். கோடை மாணவருக்கும் அதே விகிதத்தில் வாரத்துக்கு ஏறக்குறைய 3,460 டாலர் கிடைத்தது. பத்து வாரத்துக்கு 34,600. பொதுநல அமைப்பில் அதே பத்து வாரம் பல மாணவர்களுக்கு ஊதியமின்றியோ கல்லூரி தரும் சிறு உதவித்தொகையிலோ கழிந்தது. இலாப நோக்குள்ள நிறுவனங்களில் ஊதியமில்லாப் பயிற்சியை அளக்க, இரண்டாவது சர்க்யூட் கிளாட் வழக்கில் 2015இல் 'முதன்மைப் பயனாளர் யார்' என்ற சோதனையை வகுத்தது. தொழிலாளர் துறையும் 2018 ஜனவரியில் அதையே ஏற்றது. இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கோ தன்னார்வப் பணி என்ற வாசல் திறந்தே இருக்கிறது. சட்டம் அனுமதிப்பதால் அது சரியாகிவிடாது. சான் பிரான்சிஸ்கோவிலும் வாஷிங்டனிலும் பத்து வாரம் வாடகை கொடுத்துத் தங்க முடிந்தவர்கள் மட்டுமே இந்தப் பயிற்சிக்கு வர முடியும் என்றால், போலீஸ் கண்காணிப்பின் சுமையை அதிகம் தாங்கும் குடும்பங்களிலிருந்து வரும் மாணவர்கள் இந்த வழக்குகளின் மேசைக்கே வர மாட்டார்கள். பயிற்சி மதிப்பெண்ணும் ஊதியமும் ஒன்றாகப் பெறக் கூடாது என்ற தடையை வழக்கறிஞர் சங்கம் 2016இல் நீக்கியதால், கல்லூரிகள் இனி அதைக் காரணம் காட்ட முடியாது. மாணவர் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தாவது எல்லோருக்கும் ஊதியம் தர வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. ஆளுக்கு ஒரு கேள்வியைக் கொடுத்து, அது மனுவில் எந்த வரியாக நிற்கிறது என்பது வரை உடன் வைத்திருப்பதும் அப்போதுதான் இயலும்.

தீர்ப்பும் பிறகும்

2017 நவம்பர் 29இல் வாதங்கள் நடந்தன. 2018 ஜூன் 22இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது: கோபுரப் பதிவை எடுப்பது சோதனையே, பொதுவாக அதற்கு வாரண்ட் வேண்டும். 7 நாள் பதிவை எடுப்பதே சோதனை ஆவதற்குப் போதும் என்று அடிக்குறிப்பில் சொன்ன நீதிமன்றம், அதைவிடக் குறைந்த காலத்தைப் பற்றியும், அந்தந்த நேரக் கண்காணிப்பு, ஒரு கோபுரத்தோடு இணைந்த எல்லாக் கைபேசிகளின் பட்டியலைக் கேட்பது ஆகியவற்றைப் பற்றியும் எதுவும் சொல்ல மறுத்தது. மறுத்த நால்வரும் நான்கு தனி மறுப்புகளை எழுதினர். நீதிமன்றம் திறந்துவிட்ட கேள்விகள் பின்வந்த கோடைகளுக்கு வேலை கொடுத்தன. குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட நேரத்தில் இருந்த எல்லாக் கருவிகளையும் கேட்கும் 'ஜியோஃபென்ஸ்' வாரண்டுகள் நான்காவது திருத்தத்துக்கு முரண் என்று ஐந்தாவது சர்க்யூட் 2024இல் தீர்ப்பளித்தது அந்த வரிசையில் ஒன்று.

இரண்டாமாண்டு முடித்து 2017 கோடையில் பயிற்சிக்கு வந்தவர்கள், கார்பென்டர் தீர்ப்பு வெளியான நாளில் பட்டம் பெற்று, ஜூலையில் நடக்கும் வழக்கறிஞர் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்திருப்பார்கள். முதலாண்டு முடித்து வந்தவர்கள் 2019 மே மாதம் பட்டம் பெற்றார்கள். அதற்கு அடுத்த மாதம், உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பிய வழக்கில் ஆறாவது சர்க்யூட் தீர்ப்பளித்தது. அரசு வாரண்ட் இல்லாமல் பதிவை எடுத்தது நான்காவது திருத்தத்தை மீறியதே என்றாலும், எஃப்.பி.ஐ. அதிகாரிகள் அன்று நடைமுறையில் இருந்த சட்டத்தை நல்லெண்ணத்தோடு நம்பிச் செயல்பட்டதால் சான்றை விலக்க வேண்டியதில்லை என்றது அந்த நீதிமன்றம். டிமோதி கார்பென்டர் மீதான தண்டனை அப்படியே நின்றது.